நரி முகத்தில் விழித்த குஞ்சுகள்

ஒரே ஒரு கரடு, பாறையும் புதருமான சின்னக் குன்று. கரட்டுக்கு அடியில் ஒரே ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தோட்டம். நாயும் நரியும் கோழியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு விளங்காது. விளங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே கொஞ்சம் நிலக்கடலை, தரையெல்லாம் படர்ந்த வெள்ளரிக்கொடி, ஓர் அவரைப் பந்தல், மூலையில் ஓர் இலந்தை மரம். பாவாயியும் அவள் புருஷன் செங்கோடனும் அந்தத் தோட்டத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். காவலுக்குச் செவலை என்றொரு நாய் இருந்தது. புள்ளி என்றொரு கோழி இருந்தது.

நாய்க்கும் கோழிக்கும் எங்கேயாவது ஒத்துப்போகுமா? இங்கே போனது. புள்ளி செவலையின் முதுகில் ஏறி நின்று உண்ணி பொறுக்கும். செவலை அசையாமல் படுத்திருக்கும். அது ஏன் என்று போகிற போக்கில் சொல்கிறேன்.

கரட்டின் மேலே ஒரு வளையில் கருவாலன் என்ற குள்ளநரி குடியிருந்தது. வால் நுனி மை தொட்டதுபோல் கருத்திருந்ததால் அந்தப் பெயர். அதன் மனைவி பூவாலி. பூவாலி அப்போது மாசமாக இருந்தது.

கருவாலன் விடிகிற நேரத்தில் வேலிச் சந்து வழியாகத் தோட்டத்துக்குள் நுழையும். உதிர்ந்த இலந்தைப்பழம், கடலைச் செடியைக் கறண்டும் எலி, வெட்டுக்கிளி என்று அகப்பட்டதைத் தின்னும். செவலை குரைத்ததும் ஓடிவிடும். குரைக்கிறவர் குரைப்பார், ஓடுகிறவர் ஓடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒருநாள் விடியலில் செவலை கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டது. பாவாயி பின்கதவைத் திறந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கருவாலன். பாவாயி முகமும் நரி முகமும் நேருக்கு நேர் நின்றன. பிறகு நரி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்றைக்குத் தொட்டதெல்லாம் துலங்கும் என்பார்கள். அன்றைக்குப் பார்த்து, வற்றிக் கிடந்த கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறி நின்றது. கரட்டின் மேல் முன்பே பெய்திருந்த மழை மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்திருந்தது, அவ்வளவுதான். அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

"ஏனுங்க, நான் நரி முகத்துல முழிச்சேனுங்க!" என்றாள் பாவாயி.

"நீ மட்டும் பாத்தா ஆச்சா? நாளைக்கு என்னையும் எழுப்பி உடு" என்றார் செங்கோடன்.

நரி பயந்து ஓடிவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து செவலையைக் கொட்டகைத் தூணில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். அது குரைத்தால் செங்கோடன் செருப்பைத் தூக்கிக் காட்டினார். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நரிக்கு வழி விட்ட வீடு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மறுநாள் கருவாலன் வந்தது. குரைப்புச் சத்தம் இல்லை. அதற்கு என்னவோ போலிருந்தது. தயங்கித் தயங்கி நின்றது.

செவலைக்கு மானம் போனது. "நிக்காதடா, ஓடு. எனக்குத்தான் குரைக்கக் குடுத்து வெக்கல. நீயாச்சும் உன் பங்குக்கு ஓடேன்" என்றது.

ஏன் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நரி விசாரித்தது. செவலை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வயிற்றெரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. உன் மூஞ்சியில் விழித்தால் கிணற்றில் தண்ணீர் வருகிறதாம், அதற்காகத்தான் இந்தக் கூத்து என்றது.

கருவாலன் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போய் எட்டிப் பார்த்தது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் திருப்பியது. ஒரு காதை மட்டும் மடக்கிப் பார்த்தது. வளைக்குத் திரும்பியபோது அதன் நடையே மாறியிருந்தது.

"பூவாலி, என் முகம் சாதாரண முகம் இல்ல" என்றது.

"தெரியும் மாமா. மூக்கு மேல எறும்பு ஊர்றதுகூடத் தெரியாத முகம்" என்றது பூவாலி.

கருவாலன் மூக்கைத் தட்டிவிட்டுக்கொண்டது. ஆனால் அந்த நினைப்பைத் தட்டிவிட முடியவில்லை.

அன்றிலிருந்து அது எலி பிடிப்பதை விட்டுவிட்டது. அதிர்ஷ்டம் போய் எலி பிடிக்குமா? விடிந்ததும் துவைக்கிற கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து, கதவு திறக்கிற வரை முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பாவாயியும் செங்கோடனும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள். பிறகு கொடியிலேயே நல்ல வெள்ளரிப்பழமாகத் தேடிக் கடிக்கும். கடித்ததைப் பாதியில் போட்டுவிட்டு இன்னொன்றைக் கடிக்கும். பாவாயி அந்தப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "போனாப் போவுது, நம்ம மேல பட்ட கண்ணு இதோட கழிஞ்சுது" என்பாள். பிடிக்க ஆளில்லாமல் எலிகள் பெருகிக் கடலைப் பாத்தியைத் தோண்டின. செங்கோடன் அதையும் பார்த்தார். நரி வராமல் இருந்திருந்தால் இன்னும் அதிகமாகப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் புள்ளி அடையில் இருந்தது. வைக்கோல்போர் ஓரத்தில் பழைய கூடை ஒன்றில் முட்டைகளை வைத்து, இரை எடுக்கக்கூட அதிகம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. முட்டைகளோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். போன தடவை பொரித்த குஞ்சுகளைப் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தக் கூடையில் இருப்பவைதான் இனி அதற்கு எல்லாம்.

கருவாலன் அந்தக் கூடைக்கு முன்னால் வந்து நின்றது.

"இந்த வீட்டுல எல்லாரும் எனக்கு மரியாதை செய்யறாங்க. நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டது.

புள்ளி இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்து உட்கார்ந்தது.

"வீட்டுக்காரி மாசமா இருக்கா. நாளைக்குக் காலையில வந்து முட்டையெல்லாம் எடுத்துக்கறேன். இன்னிக்கே எடுக்கலாம். சொல்லிட்டு எடுக்கறதுதான் பெரிய மனுஷத்தனம்" என்று சொல்லிவிட்டு நரி நிதானமாக நடந்து போனது.

புள்ளி ஓடி வந்து செவலையின் கயிற்றைக் கொத்தியது. கொத்திக் கொத்தி அலகுதான் வலித்தது. கயிற்றில் ஒரு பிரிகூட அறவில்லை.

"விடு கண்ணு" என்றது செவலை. "நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காமப் போனாச் சரின்னு அந்தக் காலத்துலயே சொல்லி வெச்சிருக்காங்க. இந்த வீட்டுல எவர் காதுல ஏறுது?"

புள்ளி கூடைப் பக்கம் தலையைத் திருப்பியது. கூடைக்குள்ளிருந்து டொக் டொக்கென்று மெல்லிய சத்தம் வந்தது. நாளைக்குப் பொரிந்துவிடும்.

"அண்ணா, நான் பொரிஞ்ச அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டது.

செவலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

நடந்தது இதுதான். வயசுக் காலத்தில் செவலையே ஒரு முட்டைத் திருடன். ஒருநாள் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு வந்து வைக்கோலில் போட்டது. கடிக்கப் போகிற நேரத்தில் ஓடு தானாக விரிந்தது. உள்ளிருந்து ஈரமாக ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து "அம்மா" என்றது. செவலை உறுமிப் பார்த்தது. குஞ்சு பக்கத்தில் வந்தது. செவலை குரைத்துப் பார்த்தது. குஞ்சு அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் புகுந்து தூங்கிவிட்டது. அதற்குப் பிறகு செவலை முட்டையைத் தொடவே இல்லை. ஊர்க் காக்கையெல்லாம் அதைக் கோழித்தாய் என்று கூப்பிட்டுச் சிரித்தன. அந்தக் குஞ்சுதான் புள்ளி.

"ஐயய்யோ, அந்த வேலையா?" என்றது செவலை. "அவன் என்னை மாதிரி இல்ல கண்ணு. தின்னுட்டா என்ன பண்ணுவ?"

"முட்டையா இருந்தா தின்னுருவான். முட்டைக்கு முகம் கெடையாது. குஞ்சுக்கு இருக்குது."

தைரியமாகத்தான் சொன்னது. சொன்ன கையோடு ஓடிப்போய் முட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கருக்கலில் கருவாலன் வந்தது. புள்ளி கூடையை விட்டு எழுந்து வந்து எதிரில் நின்றது.

"கருவாலரே, முட்டையை எடுத்துக்கிட்டா ஒரு நேரத்துப் பசிதான் ஆறும். வேற ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பொறந்து வளர்ந்து ஒருநாள் உங்க முகத்துல முழிச்சவங்களுக்கே கெணத்துல தண்ணி வந்துது. பொறக்கும்போதே உங்க முகத்துல முழிச்சா எப்படி இருக்கும்? என் குஞ்சுங்களுக்கு அந்தப் பாக்கியத்தைக் குடுங்க. உங்க பேரு கரடு தாண்டிப் போகும்."

கருவாலனின் காது நிமிர்ந்தது. இப்படி ஒரு பெருமை எந்த நரிக்கும் கிடைத்ததில்லை. அதோடு உள்ளுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. முட்டை என்றால் ஒரு வாய். குஞ்சு என்றால் இரண்டு வாய் வருமே.

"சரி. ஆனா நீ பக்கத்துல இருக்கக் கூடாது. உன் முகத்துல முழிச்சுட்டா என் பேரு என்ன ஆவறது?" என்றது.

"நான் தள்ளிப் போயிடறேன். பனி பெய்யுது, சூடு கொறைஞ்சா கண்ணே தொறக்காதுங்க. வாலைச் சுத்திப் படுத்துக்குங்க."

கருவாலன் கூடைக்குள் சுருண்டு படுத்து, கருத்த நுனி வாலை முட்டைகள்மேல் போர்த்திக்கொண்டது. புள்ளி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ஓடுகள் விரிய ஆரம்பித்தன. கீச் கீச்சென்று சத்தம் கேட்டது. குஞ்சு கூப்பிடும்போது பதிலுக்கு ஒரு குரல் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாய்க்கோழிக்குத்தான் தெரியும். புள்ளி அலகைத் தரையில் அழுத்திக்கொண்டு கிடந்தது. ஒரு கொக்கரிப்பு வந்துவிட்டால் எல்லாம் போய்விடும்.

கூடையில் முதல் குஞ்சு தலையை நீட்டியது. கருவாலனைப் பார்த்தது. "அம்மா" என்றது.

யாரைச் சொல்கிறது என்று கருவாலன் பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.

அடுத்தடுத்து எல்லாம் பொரிந்தன. வெயில் ஏற ஏற ஈரம் காய்ந்து பஞ்சுப் பொதிகளாக எழுந்து நின்றன. எல்லாம் ஒரே குரலில் "அம்மா, அம்மா" என்றன. கருவாலன் வாயைத் திறந்தது. சின்னக் குஞ்சு ஒன்று அந்த வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தது.

"உள்ள கதகதன்னு இருக்குதும்மா" என்றது.

கருவாலனால் வாயை மூடவும் முடியவில்லை, திறந்து வைத்திருக்கவும் முடியவில்லை. "இதென்னடா வம்பு!" என்று குஞ்சை மெதுவாக மூக்கால் தள்ளிவிட்டு, கூடையை விட்டு எழுந்து நடந்தது. குஞ்சுகள் உருண்டு விழுந்து எழுந்து பின்னாலேயே வந்தன. அது வேகமாக நடந்தால் அவையும் ஓடின. அது நின்றால் காலுக்கடியில் புகுந்தன. அவரைப் பந்தலைச் சுற்றி ஒரு நடை போனது. அப்படியும் விடவில்லை. கொட்டகையிலிருந்து செவலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ஞாபகத்தில் அதற்குச் சிரிப்புகூட வந்தது.

தப்பித்தால் போதும் என்று கருவாலன் வேலிச் சந்தை நோக்கி ஓடியது. இடையில் நிழலே இல்லாத வெட்டவெளி. குஞ்சுகளும் வெட்டவெளிக்கு வந்துவிட்டன.

அப்போது தரையில் ஒரு நிழல் சுற்றியது.

பருந்து.

செவலை கயிற்றை இழுத்துக் கழுத்து இறுக இறுகக் குரைத்தது. புள்ளி கல்லுக்குப் பின்னாலிருந்து இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. ஆனால் தூரம் அதிகம். கருவாலனுக்கோ வேலிச் சந்து ஓர் எட்டில் இருந்தது. நுழைந்துவிட்டால் வளை. வளைக்குள் போய்விட்டால் நிம்மதி.

கருவாலன் திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், வாய்க்கு உள்ளே எட்டிப் பார்த்த அந்தச் சின்னக் குஞ்சு, காய்ந்து கிடந்த பாத்தி வாய்க்காலில் விழுந்து ஏற முடியாமல் கிடந்தது. அது மேலே பார்க்கவில்லை. தான் விழித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நரி பாய்ந்தது. பருந்து இறங்குவதற்கும் அது குஞ்சின்மேல் குனிந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. குஞ்சுக்கு வர வேண்டிய நகம் நரியின் முகத்தில் விழுந்தது. நெற்றியிலிருந்து மூக்குவரை கிழித்தது. கருவாலன் விடவில்லை. எகிறிக் கடித்தது. இரண்டு இறகை விட்டுவிட்டுப் பருந்து பறந்து போனது.

கல்லின்மேல் நரி வந்து உட்காரட்டும் என்று கதவைச் சாத்தியே வைத்திருந்த பாவாயி, சத்தம் கேட்டுத் திறந்தாள். முகமெல்லாம் ரத்தத்தோடு நரி நின்றது. அதன் வயிற்றுக்கடியில் குஞ்சுகள். மேலே, பறந்து போகிற பருந்து. அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"ஏனுங்க, நாயைக் கட்டிப்போட்டு நரி மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தோம். நாய் பாக்கற வேலையை நரி பாக்குது, வந்து பாருங்க" என்றாள்.

செங்கோடன் போய்ச் செவலையின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதன் கழுத்துக் காயத்தைத் தடவிக் கொடுத்தார். பாவாயி பின்வாசலிலேயே நின்றாள்.

செவலை நேராக நரியிடம் போனது. செவலை கருவாலனின் காயத்தை முகர்ந்து பார்த்தது.

"நீயும் மாட்டிக்கிட்டியா?" என்றது.

"இதுக்கு என்ன மருந்து?" என்று கருவாலன் பாவமாகக் கேட்டது.

"மருந்தே இல்ல. நான் கெழவனாயிட்டேன், இன்னும் தெளியல."

புள்ளி பக்கத்தில் வந்தது. குஞ்சுகள் அதை யாரோ என்று பார்த்துவிட்டு நரியின் காலோடு ஒட்டிக்கொண்டன. இப்படி ஆகும் என்று புள்ளிக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தது. இருந்தாலும் கண் கலங்கியது.

கருவாலன் அதைப் பார்த்தது. வேலியோரம் உளுத்துக் கிடந்த கட்டையைக் காலால் பறித்துப் போட்டது. கரையான் கொட்டியது. குஞ்சுகள் ஆவலோடு குனிந்தன. அந்தச் சமயத்தில் நரி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"அதோ, அதுதான் உங்க அம்மா. நான் வெறும் முகம்" என்றது. பிறகு புள்ளியிடம், "கூப்புடும்மா. காலையிலிருந்து அடக்கி வெச்சிருக்கியே, கூப்புடு" என்றது.

புள்ளி கூப்பிட்டது. கொக், கொக், கொக்.

குஞ்சுகள் சட்டென்று நிமிர்ந்தன. முட்டைக்குள் இருட்டில் இருந்தபோது ஓயாமல் கேட்ட குரல் அது. அந்தக் குரலுக்கு முகம் இதுதானா என்பதுபோல் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப்போய் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

வளைக்குப் போனதும் பூவாலி கருவாலனின் முகத்தைப் பார்த்துப் பதறியது. கருவாலன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. முட்டை கொண்டுவரவில்லை என்பதையும் சொன்னது.

"நான் எப்ப முட்டை கேட்டேன்? எனக்கு எலி போதும்" என்றது பூவாலி. கீறலை நக்கி நக்கித் துடைத்தது. "நாளைக்கு நம்ம குட்டிங்களும் இந்த முகத்தைப் பாத்துத்தான் கண்ணு தொறக்கும். முன்ன எப்படியோ, இப்ப இது பாக்கற மாதிரி இருக்குது மாமா."

அதற்குப் பிறகும் கருவாலன் விடியலில் தோட்டத்துக்கு வந்தது. உதிர்ந்த பழத்தையும் எலியையும் தவிர வேறெதையும் தொடவில்லை. கடலைச் செடிகள் தழைத்தன. செவலை வழக்கத்துக்காகக் குரைக்கும். கருவாலன் வழக்கத்துக்காக ஓடும். குஞ்சுகள் வேலியோரம் வந்து நின்று கீச் கீச்சென்று கூப்பிடும். கருவாலன் ஒருமுறை திரும்பி முகத்தைக் காட்டிவிட்டு, வாயில் கவ்விய எலியோடு, பூவாலி காத்திருக்கும் கரட்டின்மேல் மெல்ல ஏறிப் போய்விடும்.

அதிர்ஷ்டம் யார் முகத்திலும் எழுதியில்லை. நம் முகத்தை நம்பிக் கண் திறப்பவரைக் கைவிடாமல் காப்பாற்றினால், அதுவே நல்ல முகம்.